யாரைச் சோதித்தார்கள்?

(நீள்பதிவு. பால்வினைத் தொற்றுச் சோதனையின் இந்திய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்.)

சென்ற பருவத் தேர்வுகள் முடிந்த வாரத்தில், என்னுடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் பால்வினைத் தொற்றுச் சோதனைக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்று, சோதனை செய்துகொள்ளாமலே திரும்பி வந்தார். அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. முந்தைய உறவு முறிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. புதிதாக ஒருவருடன் வாழ்வைத் தொடங்குமுன் இருவரும் ஒருமுறை சோதித்துக்கொள்வது என்று பேசி முடிவு செய்திருந்தனர். பதிவு மேசையில் முதற்கேள்வி, திருமணமானவரா என்பது. இல்லை என்றார். அடுத்த கேள்வி, "அப்படியானால் எதற்கு இந்தச் சோதனை?" வரிசையில் பின்னால் நின்றவர்கள் காதிலும் அது விழுந்தது. நண்பர் கைப்பேசியில் அழைப்பு வந்ததுபோல் பாவனை செய்தபடி வெளியே நடந்துவிட்டார்.

அந்தக் கேள்வியை அவ்வூழியரின் தனிப்பட்ட அநாகரிகம் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அக்கேள்வி எழுதப்பட்டுவிட்டது. இந்த நோய்களைப் பொறுத்தவரை, யாரைச் சோதிப்பது என்பது முதலில் முடிவாயிற்று. எதைச் சோதிப்பது, எந்த நாளில் சோதித்தால் விடை கிடைக்கும் என்பவை வெகுகாலம் கழித்தே தெரியவந்தன. இந்த வரிசைப் பிறழ்வு இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன், மொழியியல் படித்ததால் வந்த பழக்கம் அது.

1495இல் பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லஸின் படை நேப்பிள்ஸ் நகரில் நுழைந்ததை ஒட்டி, உடலெங்கும் புண்களுடன் கூடிய ஒரு கொள்ளைநோய் ஐரோப்பாவில் பரவியது. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருஷ்யர்களுக்கு அது போலந்து நோய். துருக்கியில் இன்றும் அதன் பெயர் 'ஃப்ரெங்கி'. கிழக்கே செல்லச் செல்ல இதே கதைதான்: சீனர் அதைக் கான்டன் புண் என்றனர், ஜப்பானியர் சீனப் புண் என்றனர். 'சிபிலிஸ்' என்ற பெயரே 1530இல் வெரோனா நகர மருத்துவர் ஃபிரகஸ்தோரோ இயற்றிய இலத்தீன் காவியத்தின் இடையன் ஒருவனிடமிருந்து வந்தது. அக்காவியத்தின் தலைப்பிலும் 'பிரெஞ்சு நோய்' என்ற சொற்கள் உண்டு.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு, இந்திய மொழிகளும் இவ்வரிசையில் சேர்ந்தன. பொதுவாகப் பதினாறாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பாவமிச்ரரின் 'பாவப்பிரகாசம்' என்ற ஆயுர்வேத நூல் 'ஃபிரங்க ரோகம்' என்று ஒரு தனி நோயை விவரிக்கிறது. பழைய ஆயுர்வேத மூலநூல்களில் இப்பெயர் கிடையாது. ஃபிரங்கியருடன், சிறப்பாக ஃபிரங்கிப் பெண்ணுடன், கொள்ளும் தொடர்பால் அது வருகிறது என்கிறது நூல். அந்தச் 'சிறப்பாக' என்பதைக் கவனியுங்கள். பெயர் அயலானின் மீதும், காரணம் பெண்ணின் மீதும் சுமத்தப்படுகின்றன. நோயைச் சுமந்து வந்த மாலுமிகள் ஆண்கள் என்பது எங்கோ மறைந்துவிடுகிறது.

தமிழிலும் மலையாளத்திலும் அது 'பறங்கிப்புண்'. மருந்துக்கும் அதே பெயர்: பறங்கிப்பட்டை. கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா 1563இல் அங்கேயே அச்சிட்ட தம் நூலில் இந்தச் சீனக் கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். சீனத்திலிருந்து வந்த வேரைப் பறங்கியின் பெயரால் அழைக்க நேர்ந்தது நோயின் உபயம். (அமெரிக்காவிலிருந்து வந்த பூசணியினத்துக்குப் பறங்கிக்காய் என்று பெயரிட்டவர்களும் நாம்தான். காய்க்கு அப்பெயரால் எந்த இழுக்கும் நேரவில்லை.) இலங்கையிலோ 'பறங்கி' என்ற பெயர் சிபிலிஸைக் குறிக்காமல், யாஸ் என்ற வேறொரு நோயின்மேல் போய் அமர்ந்தது. யாஸ் பெரும்பாலும் குழந்தைகளிடையே தோலொடு தோல் உரசுவதால் பரவுவது. பாலுறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டின் கிருமிகளும் ஒரே இனத்தின் துணையினங்கள். இன்றைய ரத்தச் சோதனைகளாலும் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. யாஸ் ஒழிந்த நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டதே 2016இல்தான்.

தமிழின் 'மேகநோய்' இன்னும் சுவையானது. மேகம் என்றவுடன் வானம் நினைவுக்கு வரும். ஆனால் இது சிறுநீர் தொடர்பான 'மேஹ' என்ற வடசொல். 'ஹ' என்ற ஒலி தமிழில் 'க' ஆனதால் முகிலும் மூத்திரமும் ஒரே வடிவம் பெற்றன. மதுமேகம் என்று நீரிழிவைச் சொல்கிறோமே, அந்த மேகமும் இதுவே. ஆக, ஒரே சொல் சர்க்கரை நோயையும் வெட்டை நோயையும் நூற்றாண்டுகளாகத் தாங்கி வந்திருக்கிறது. ஒன்றைக் குடும்பத்தில் சாப்பாட்டு மேசையில் பேசுகிறோம். மற்றொன்றை மருத்துவரிடமும் சொல்லத் தயங்குகிறோம். இந்தியில் 'குப்த ரோக்', அதாவது மறைநோய். தில்லி வரும் ரயில் பாதைகளின் இருபுறச் சுவர்களிலும் ஆளுயர எழுத்துகளில் விளம்பரம் செய்யப்படும் ஒரே இரகசியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நம்முடைய நவீனச் சொல்லான 'பால்வினை நோய்' நடுநிலையாக ஆக்கப்பட்டதுதான்: பால், வினை, அதாவது பாலுறவுச் செயல். ஆனால் 'வினை' என்று கேட்டவுடன் 'செய்த வினை' என்று முடிக்கும் செவி தமிழ்ச் செவி. சொல்லாக்கக் குழுவினர் அதை எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ.

பெயரில் இருந்த குற்றச்சாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டமாயிற்று.

பிரித்தானியப் படைவீரர்களிடையே இந்நோய்கள் மிகுந்திருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைமுகாம்களில் 'லாக் ஹாஸ்பிட்டல்' எனப்பட்ட மருத்துவமனைகளைத் திறக்கத் தொடங்கியது. இப்பெயர் 1740களில் லண்டனில் நிறுவப்பட்ட மருத்துவமனையிலிருந்து வந்தது. அங்கே பழைய தொழுநோய் விடுதி ஒன்றின் பெயரே 'லாக்' என்பதாகும். பூட்டு என்ற பொருள் அதில் முதலில் இல்லை. இந்தியாவில் அது பூட்டாகவே ஆயிற்று. படையினர் நாடிச் செல்லும் பெண்களைப் பிடித்து வந்து, பரிசோதித்து, நோயுற்றவர் எனக் கருதப்பட்டோரைக் குணமாகும்வரை அடைத்து வைக்கும் இடங்கள் அவை. 1864இன் படைமுகாம் சட்டம் இதை முறைப்படுத்தியது. 1868ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமான இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம் இதைக் கல்கத்தா, பம்பாய், சென்னை முதலிய நகரங்களுக்கும் விரித்தது. பாலியல் தொழிலில் இருப்பவர் என்று காவல்துறை கருதிய பெண் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சீட்டு வைத்திருக்க வேண்டும். குறித்த கால இடைவெளியில் உடற்பரிசோதனைக்கு வர வேண்டும். தவறினால் தண்டம் அல்லது சிறை. வங்காளத்தில் மக்கள் அதற்கு 'சௌத்தோ ஆயின்', பதினான்காம் சட்டம், என்று வெறும் எண்ணால் பெயரிட்டனர். எண்ணைச் சொன்னாலே அச்சம் புரிந்த காலம் அது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்திரநாகூருக்குப் பெண்கள் தப்பியோடினர்.

இச்சட்டத்தில் ஆண்களைச் சோதிக்க ஒரு பிரிவும் கிடையாது. இதை மறதி என்று கொள்ள முடியாது. பிரித்தானியாவில் படைவீரர்களைக் காலமுறையில் சோதிக்கும் வழக்கம், அது அவர்களின் தன்மானத்தைக் குலைக்கிறது என்ற காரணம் கூறி 1859இல் கைவிடப்பட்டது. தன்மானம் யாருக்கு உண்டு என்பதிலும் அன்றைய அரசுக்கு ஐயம் இருக்கவில்லை.

அறிவியலை நோக்கினால் இது இன்னும் வியப்பளிக்கிறது. 1868இல் எந்தக் கிருமியும் அறியப்படவில்லை. வெட்டை நோயின் கிருமியை ஆல்பர்ட் நைசர் கண்டது 1879இல். சிபிலிஸின் கிருமியை ஷௌடினும் ஹாஃப்மானும் கண்டது 1905இல். ஆகவே லாக் மருத்துவமனையில் நிகழ்ந்த 'சோதனை' என்பது ஒரு கருவியால் விரித்துக் கண்ணால் பார்ப்பது, அவ்வளவே. வெட்டை நோயுற்ற பெண்களில் கணிசமானோருக்கு அறிகுறியே இராது என்பதை இன்று அறிவோம். சாதாரண வெள்ளைப்படுதலுக்கும் தொற்றுக்கும் வேறுபாட்டைக் கண் கொண்டு சொல்ல இயலாது என்பதையும் அறிவோம். தொற்றுள்ளவர் வெளியே அனுப்பப்பட்டிருப்பர்; தொற்றில்லாதவர் உள்ளே அடைக்கப்பட்டிருப்பர். ஒரே கருவியைப் பலருக்குப் பயன்படுத்தியதால் என்னென்ன பரவியிருக்கும் என்பதை எண்ணவே மனம் கூசுகிறது. அந்த மருத்துவமனைகள் இயங்கிய காலத்திலேயே படையினரிடையே நோய் ஏறிக்கொண்டிருந்தது என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினர்.

பிரித்தானியாவில் ஜோசஃபின் பட்லர் தலைமையில் நடந்த இயக்கத்தின் விளைவாக அங்கு இத்தகைய சட்டங்கள் 1886இல் நீக்கப்பட்டன. இந்தியச் சட்டம் 1888இல் நீங்கியது. ஏட்டில் நீங்கியதே தவிர முகாம்களில் நீங்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் எலிசபெத் ஆண்ட்ரூ, மருத்துவரான கேத்தரின் புஷ்னெல் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் வட இந்தியப் படைமுகாம்களுக்கு நேரில் சென்று அங்குள்ள பெண்களிடம் பேசி, கட்டாயப் பரிசோதனை தொடர்வதைப் பதிவு செய்தனர். 1893இல் லண்டனில் விசாரணைக் குழுவின்முன் அவர்கள் சாட்சியம் அளித்தபின், முதலில் அதை மறுத்த படைத்தலைவர் ராபர்ட்ஸ் பிரபு வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 1895இல் படையினரில் ஆயிரவருக்கு 500க்கும் மேற்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகள் பதிவானபோது பழைய முறையை மீட்கும் குரல் மீண்டும் எழுந்தது. ஃபிலிப்பா லெவின், பம்பாயைக் குறித்து அஷ்வினி தாம்பே ஆகியோரின் நூல்களை வாசிப்போர் இதன் நெளிவு சுளிவுகளை விரிவாகக் காணலாம்.

1906இல் வாசர்மான் சோதனை வந்தபோது கண்ணின் இடத்தை ரத்தம் பிடித்தது. சந்தேகத்திற்கு இடமில்லாத விடை கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினர். அதுவும் முழு உண்மையன்று. லுட்விக் ஃப்ளெக் 1935இல் எழுதிய அறிவியல் வரலாற்று நூல் இந்தச் சோதனையையே ஆய்வுப் பொருளாகக் கொண்டது. 'கெட்ட ரத்தம்' என்ற பழைய நம்பிக்கை, ரத்தத்தில் விடை தேடுமாறு ஆய்வாளர்களை எவ்வாறு உந்தியது என்பதை அவர் காட்டினார். இச்சோதனை கிருமியைத் தேடவே இல்லை. மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருளுக்கு எதிராக உடல் காட்டும் வினையையே அது அளந்தது. அந்தப் பொருளை மேரி பாங்போர்ன் 1941இல் பிரித்தெடுத்தார். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் செய்யப்படும் வி.டி.ஆர்.எல் சோதனையும் அதே அடிப்படையில் அமைந்ததே. மலேரியா, தொழுநோய், லூபஸ், சில வேளைகளில் கருவுற்றிருத்தல்கூட அதைப் பாசிட்டிவாகக் காட்டக்கூடும். எனவே அதன் முடிவை டி.பி.எச்.ஏ போன்ற இரண்டாவது சோதனையால் உறுதி செய்ய வேண்டும். அந்த இரண்டாவது சோதனையோ, நோய் முற்றும் குணமான பின்னும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் பாசிட்டிவாகவே நிற்கும். 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் இப்போது நோயாளியா, என்றோ நோயுற்றுத் தேறியவரா, நோயே அறியாதவரா என்று சொல்லிவிட முடியாது.

1943இல் பெனிசிலின் சிபிலிஸைக் குணமாக்கியது. தொடக்க நிலையில் இன்றும் ஒரே முறை போடும் பென்சத்தீன் பெனிசிலின் போதும். ஆயினும், 1955இன் இந்துத் திருமணச் சட்டத்தில் மணமுறிவுக்குரிய காரணங்களுள் தொற்றக்கூடிய பால்வினை நோய் இடம்பெற்றது, இன்றும் இருக்கிறது. தொழுநோய் அப்பட்டியலிலிருந்து 2019இல் நீக்கப்பட்டது. குணப்படுத்தக்கூடியது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். அதே காரணம் அடுத்த உட்பிரிவுக்குப் பொருந்தவில்லை போலும்.

இனி எச்.ஐ.விக்கு வருவோம். 1986இல் இந்தியாவில் முதன்முதலாக இத்தொற்று கண்டறியப்பட்டது சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைத் திரட்டி, வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார். கையுறைகூட இன்றி, மாதிரிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்த அந்த உழைப்பு மறக்கப்படக் கூடாதது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதிரிகள் எடுக்கப்பட்டது காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடமிருந்து. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அப்பெண்கள் கருதினர் என்று நிர்மலாவே பின்னாளில் நேர்காணலில் கூறியிருக்கிறார். தேடிய இடத்தில் கிடைத்தது. கிடைத்த இடமே நோயின் இடம் என்றாயிற்று. தண்டனைக்காலம் முடிந்த பின்னும் தொற்று இருப்பதைக் காரணம் காட்டித் தமிழ்நாட்டுக் காப்பகங்களில் பெண்கள் வைக்கப்பட்டிருந்தனர். உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தே 1990இல் அவர்களை வெளிக்கொணர வேண்டியிருந்தது. லாக் மருத்துவமனை வேறு பெயரில் ஒரு நூற்றாண்டு நீடித்தது என்று நான் சொன்னால் மிகை என்பீர்களா?

கோவாவில் டொமினிக் டிசூசா தானாக முன்வந்து ரத்ததானம் செய்து வந்தவர். அவர் ரத்தத்தில் எச்.ஐ.வி இருப்பது தெரிந்ததும், 1989 பிப்ரவரியில் காவலர்கள் அவரை அழைத்துச் சென்றனர். தமக்கு என்ன தொற்று என்பதே அறியாமல் சென்றவர், கோவாவின் அன்றைய பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி 64 நாள்கள் தனிமையில் அடைக்கப்பட்டார். அவருடைய தாயார் லூசி டிசூசா தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தது. டொமினிக் 1992இல் காலமானார். ஒப்புதல் பெற்ற பின்னரே சோதனை, முடிவு இரகசியமாக வைக்கப்படும், தொற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்பவை சட்டமானது 2017இல்; நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10 அன்று.

ஆக, நாட்டின் நினைவில் சோதனை என்பது வெகுகாலம் கைதின் இன்னொரு பெயராகவே இருந்தது. என் நண்பரிடம் கேட்கப்பட்ட 'எதற்கு?' இதிலிருந்து வருகிறது. அதற்கு மாறாக, மருத்துவத்திற்குத் தேவைப்படும் கேள்வி 'எப்போது?' என்பது. அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மாணவர்கள் பலருக்கும் இது சரியாகத் தெரிவதில்லை.

தொற்று நேர்ந்த மறுநாளே எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. எச்.ஐ.விக்கு, எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுச் சோதனை 23 முதல் 90 நாள்களில் தொற்றைக் காட்டும். நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை 18 முதல் 45 நாள்களில் காட்டும். அதற்கு முன் வரும் 'நெகட்டிவ்' முடிவான விடையன்று. சிபிலிஸின் முதற்புண் ஏறத்தாழ மூன்று வாரத்தில் தோன்றும், வலிக்காது, தானே ஆறிவிடும், ஆறியதால் நோய் போய்விட்டது என்று நம்புவோர் மிகுதி. ரத்தச் சோதனை பாசிட்டிவாக அதன் பின்னும் சில வாரங்கள் ஆகலாம். வெட்டை நோயையும் கிளமிடியாவையும் மரபுப்பொருளைத் தேடும் சோதனை ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கண்டுவிடும். ஆனால் தொண்டையிலோ மலக்குடலிலோ உள்ள தொற்றைச் சிறுநீர்ச் சோதனை காட்டாது. எவ்வகை உறவு என்று மருத்துவர் கேட்பது இதற்காகவே. அக்கேள்விக்கு வெட்கமின்றி விடையளிக்கலாம். எச்.ஐ.வி தொற்றியிருக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால், சோதனைக்காகக் காத்திராமல் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அணுகினால் தடுப்பு மருந்து உண்டு.

நம் அரசு மருத்துவமனைகளில் அறிகுறியை வைத்து நிறமிட்ட மருந்துப் பொதிகள் தரப்படும்: சிறுநீர்க்குழாய்க் கசிவுக்குச் சாம்பல், புண்ணுக்கு வெள்ளை, அக்கிப்புண்ணுக்குச் சிவப்பு. ஆய்வக வசதி குறைந்த நாட்டில் இது பயனுள்ள ஏற்பாடு. நோயின் பெயரைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்லலாம் என்பது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு எந்த நிறமும் இல்லை. பெண்களில் கிளமிடியா பெரும்பாலும் ஓசையின்றி இருந்து, பின்னர் கருத்தரிக்க இயலாமையாக வெளிப்படும். எனவே புதிய உறவு தொடங்கும்போதும், ஒருவருக்கு மேற்பட்ட துணைவர் இருப்பின் சில மாதங்களுக்கு ஒருமுறையும், துணைவருக்குத் தொற்று உறுதியானபோதும், கருவுற்ற முதல் வருகையிலும் சோதனை தேவை. சிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்தில் மீண்டும் ஒருமுறை சோதிப்பதும் நல்லது.

நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி ஆலோசனை, சோதனை மையங்கள் கட்டணமின்றி இயங்குகின்றன. பால்வினைத் தொற்றுகளுக்கு சுரக்ஷா கிளினிக்குகள் உண்டு. தமிழ்நாட்டில் முன்னதற்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். இந்த ஐந்நூறு ஆண்டுச் சொல் வரலாற்றில் யாரையும் குற்றஞ்சாட்டாத பெயராக எனக்குத் தெரிவது இது ஒன்றே. தொலைபேசியில் 1097.

நண்பர் மூன்று வாரம் கழித்து இன்னொரு மருத்துவமனையின் மையத்துக்குப் போனார். நான் உடன் சென்றேன். கதவு சாத்திய சிறிய அறை, நடுவயது ஆலோசகர். திருமணம் பற்றி அவர் கேட்கவில்லை. கடைசி உறவு எந்தத் தேதியில் என்று கேட்டு, விரல்விட்டு நாள்களை எண்ணி, இன்று எடுப்பது ஒன்று, இடைக்காலம் கடந்தபின் எடுப்பது இன்னொன்று என்று விளக்கினாராம். வெளியே வந்த நண்பர் கையில் ஒரு சிறு சீட்டு இருந்தது. அதில் பெயர் இல்லை, ஓர் எண்ணும் மறுமுறை வர வேண்டிய நாளும் மட்டும்: அடுத்த மாதம் 12.